இரண்டு கொப்பிகளும் ஒரு கண்ணும்

அந்த ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குத் திரும்பிய பஸ்ஸில் எங்கள் இருவரையும் தவிர இன்னும் ஏழு பேர் கையில் குருத்தோலை வைத்திருந்தார்கள். எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். புறக்கோட்டையில் மூன்று பேர் இறங்கினார்கள், பம்பலப்பிட்டியில் ஒருவர். மீதி ஓலைகள் சன்னலோரம் கடல்காற்றில் ஆடிக்கொண்டே வந்தன.

நானும் தங்கையும் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து இருபது வருடமாகிறது. ஆனாலும் குருத்தோலை ஞாயிறுக்குப் பழைய பங்குக் கோயிலுக்குத்தான் போவோம். அங்கே ஓலைகளை இரண்டு நாள் முன்னதாகவே கொண்டுவந்து, வாடாமலிருக்கத் தண்ணீர் வாளிகளில் நிறுத்தி வைப்பார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு கைக்கு வரும் ஓலை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தங்கை அதைக் கிழித்துச் சிறு சிலுவைகளாக மடிப்பாள். வாசற்கதவுக்கு ஒன்று, இரண்டு அறைகளுக்கும் ஒவ்வொன்று, திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஒன்று.

மூன்றாவது சிலுவைக்கு ஈர்க்கை உரித்தபோது ஓலையின் நுனி விசிறி அவளுடைய வலது கண்ணில் அடித்தது.

"கண்ணுக்குள்ள பட்டிட்டுது" என்றாள்.

"எங்க, காட்டு பாப்பம்."

"ஒண்டுமில்லை அக்கா. தண்ணி விட்டாச் சரி. நீ போய்க் கொப்பியில எழுது. எழுதாட்டி உனக்கு மத்தியானச் சோறு இறங்காது."

எழுதினேன். பத்து இருபதுக்கு, குருத்தோலை நுனி தங்கையின் வலது கண்ணில் பட்டது, தண்ணீரால் கழுவினாள் என்று ஒரு வரி. அதைப் பச்சைக் கொப்பியில் எழுதினேன்.

இதைச் சற்று விளக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். உள்ளே வரும் கடிதங்களுக்கு ஒரு பதிவேடு, வெளியே போகும் கடிதங்களுக்கு இன்னொன்று. ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பச்சைக் கொப்பியில் கோயில், திருநாள், கலியாணம், சாவு. நீலக் கொப்பியில் உடம்பு: மருந்து, காய்ச்சல், இரத்த அழுத்தம், வைத்தியரிடம் போன நாள். ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுதிவிட்டால் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டதுபோல நாள் முழுவதும் உறுத்தும். குருத்தோலை பற்றியது எதுவும் பச்சைக் கொப்பிக்குத்தான் போகும். அன்று எனக்கு அதில் ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை.

தங்கையின் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே சோம்பல் கண். ஆள் வருவது தெரியும், ஆர் என்று தெரியாது. அவள் பார்ப்பது, வாசிப்பது, தெருக் கடப்பது எல்லாம் வலது கண்ணால். வரைவதும் அந்தக் கண்ணால்தான்.

அவளுடைய தொழில் வரைவது. கொட்டாஞ்சேனையில் உள்ள ஓர் அச்சகத்துக்கு உயர்தர வகுப்பு உயிரியல் ரியூசன் குறிப்புகளுக்கான படங்களை வரைந்து கொடுப்பாள். இப்போது எல்லாவற்றையும் கணினி வரைகிறது. ஆனால் அந்த ரியூசன் ஆசிரியர் ஒரு பிடிவாதக்காரர். பிள்ளைகள் பரீட்சையில் கையால்தானே வரைய வேண்டும், அப்படியானால் கையால் வரைந்ததைப் பார்த்துத்தான் பழக வேண்டும் என்பார். அந்தப் பிடிவாதம் தங்கைக்கு வருடம் முழுவதும் வேலை கொடுத்தது.

அந்தப் பெரிய வாரத்தில் அவள் மேசையில் இருந்தது ஒரே ஒரு தாள். இடது பக்கம் கரு இல்லாத புரோகரியோட்டாக் கலம், வலது பக்கம் கரு உள்ள யூக்கரியோட்டாக் கலம், கீழே இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுத ஒரு அட்டவணை. இடது பக்கத்துப் பற்றீரியாவை அவள் திங்கட்கிழமை காலை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டாள். குளிகை போன்ற ஒரு வடிவம், சுற்றிலும் சுவர், நடுவில் சுருண்டு கிடக்கும் ஒரு வளையம், எங்கும் தூவிய புள்ளிகள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான். ஒரு அறை வீடு. கதவில்லை, தட்டியில்லை. அந்த வளையத்திலதான் எல்லாக் கட்டளையும் எழுதியிருக்கு. அது சும்மா நடுவீட்டில கிடக்கும். இந்தப் புள்ளியெல்லாம் இறைபோசோம். கட்டளையை வாசிச்சுப் புரதம் செய்யிற ஆக்கள். எழுதி முடிக்க முதலே பக்கத்தில நிண்டு வாசிச்சுச் செய்யத் துவங்கியிடுங்கள்."

"மற்றது?"

"மற்றது உன்னைப்போல" என்றாள். "கட்டளையைக் கருவுக்குள்ள வச்சுப் பூட்டி, அதைச் சுத்தி ரெண்டு மென்சவ்வு. சக்திக்கு ஒரு அறை, கழிவுக்கு ஒரு அறை, பொதி கட்டுறதுக்கு ஒரு அறை. கட்டளை பிரதி எடுத்து, துளையால வெளியில வந்து, பிறகுதான் வேலை நடக்கும். பெரிய வீடு. ஆனால் எல்லாத்துக்கும் நேரம் எடுக்கும்."

அவள் வலது பக்கத்துக் கலத்தின் கருவைச் சுற்றி இரட்டைக்கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தபடி இருந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, அந்தச் சக்தி அறைகளான இழைமணிகளை வரையத் தொடங்கினாள். அவரைக்கொட்டை வடிவில், உள்ளே மடிப்பு மடிப்பாக. அதற்குள்ளும் ஒரு சின்ன வளையம் போட்டாள்.

"இது என்ன, இதுக்குள்ளயும் வளையம்?"

"இது முந்தி தனியாத் திரிஞ்ச ஒரு பற்றீரியா எண்டு சொல்லுகினம். எந்தக் காலத்திலயோ ஒரு பெரிய கலத்துக்குள்ள போச்சுது. அது இதைச் செமிக்கவுமில்லை, இது வெளியில போகவுமில்லை. இண்டைக்கும் தன்ர வளையத்தையும் தன்ர சின்ன இறைபோசோமையும் வச்சுக்கொண்டு உள்ளுக்க இருக்குது. உன்ர உடம்பில, என்ர உடம்பில, எல்லா இடத்திலயும்."

அன்று பின்னேரம் நான் முன்னறையில் படுத்திருந்தேன். திரைச்சீலை கடற்காற்றில் உப்பி உப்பித் தாழ்ந்தது. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் கீழே கடந்தபோது கட்டில் மெல்ல நடுங்கியது. என் உடம்பு முழுவதும் எண்ண முடியாத சின்னச் சின்ன அறைகளில், எந்தக் காலத்திலோ வந்து தங்கிவிட்ட விருந்தாளிகள் அடுப்பை மூட்டிக்கொண்டு இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. அந்த நினைப்பில் எப்போது நித்திரையானேன் என்று தெரியாது. அந்த நேரத்தை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கண் சிவந்தது. புதன்கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வைத்தியரிடம் போனோம். அவர் கண்ணில் கிருமி என்று சொல்லி, பற்றீரியாவைக் கொல்லும் துளி மருந்து தந்தார். நீலக் கொப்பியில் எழுதினேன்: புதன், காலை பதினொன்று, வலது கண் சிவப்பு, துளி, நாலு வேளை. பெரிய வெள்ளி அன்று வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள். உயிர்த்த ஞாயிறு அன்று கோயிலுக்குப் போகாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தாள். திங்கட்கிழமை காலை சன்னலுக்குப் பக்கத்தில் வைத்து அவளுடைய கண்ணைப் பார்த்தேன். கருவிழியின் கீழ்ப்பக்கத்தில், ஒரு சொட்டுப் பால் தெறித்ததுபோல வெள்ளையாக ஏதோ இருந்தது.

அன்றே ஒரு கண் கிளினிக்குக்குப் போனோம். அங்கே எங்களைப் பார்த்த வைத்தியர் ஒரு தமிழ்ப் பிள்ளை. முப்பத்தைந்து வயது இருக்கும். நிதானமாகக் கதைத்தார். நீலக் கொப்பியைக் கையில் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இப்பிடி ஆரும் எழுதிக்கொண்டு வாறேல்லை, அன்ரி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு கேட்டார்: "கண்ணில ஏதும் பட்டதா? செடி, கொடி, மண், தூசி? தோட்ட வேலை ஏதும்?"

நான் தங்கையைப் பார்த்தேன். தங்கை என்னைப் பார்த்தாள்.

"நாங்கள் மூண்டாம் மாடி, டொக்டர்" என்றாள் தங்கை. "வீட்டில ஒரு பூச்சட்டிகூட இல்லை."

"கொண்டாக்ட் லென்ஸ் போடுறனீங்களா?"

"இல்லை."

நீலக் கொப்பியிலும் எதுவும் இல்லை. வைத்தியர் பற்றீரியா மருந்தை இன்னும் வலுவானதாக மாற்றி, மணிக்கொரு துளி விடச் சொன்னார். வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழக்கிழமை போனோம். வெள்ளை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. வைத்தியரின் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. இன்னும் நாலு நாள் பார்ப்போம், குறையாவிட்டால் கண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இன்றைக்கு எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் அப்போது அந்தக் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் பொய்யல்ல. குருத்தோலையை நாங்கள் ஒரு நாளும் செடி என்று நினைத்ததில்லை. அது கோயிலில் கிடைப்பது. மந்திரித்தது. நிலத்தில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு வைப்போம். பழையதாகிவிட்டாலும் குப்பையில் போடமாட்டோம், விபூதிப் புதன் சாம்பலுக்காகத் திருப்பிக் கொடுப்போம். அது ஒரு தென்னையிலிருந்து வெட்டிய இலை, இரண்டு நாள் வாளித் தண்ணீரில் நின்ற இலை என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேருக்கும் எட்டவே இல்லை.

உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம், அன்றைய பூசைக்கு நான் மட்டும் போய்வந்ததை எழுதப் பச்சைக் கொப்பியைத் திறந்தேன். காற்றுக்கு ஒரு தாள் பின்னால் புரண்டது. என்னுடைய கையெழுத்து, நேராக, அழகாக. பத்து இருபதுக்கு.

பிறகு எழும்பிப்போய் அவளுடைய அறைக் கதவில் நின்று வாசித்துக் காட்டினேன்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குருத்தோலை செடியா, அக்கா?" என்றாள் கடைசியில்.

"தென்னோலைதானே."

"ஓம். தென்னோலைதான்." பிறகு சொன்னாள்: "எனக்கும் நினைவு வரேல்லை. என்ர கண். எனக்கே நினைவு வரேல்லை."

திங்கட்கிழமை காலை கிளினிக் திறக்க முன்பே படியில் நின்றோம். இந்த முறை பச்சைக் கொப்பியைக் கொண்டுபோனேன். வைத்தியர் அந்த ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தார். அப்போதே கண்ணை மரக்கச் செய்து, நுண்ணிய கத்தியால் அந்த வெள்ளையிலிருந்து கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய நடுவிரலில் மை படிந்த கறுப்பு இன்னும் போகவில்லை.

திரும்பி வந்தபோது வைத்தியர் எங்கள் இருவருக்கும் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"பற்றீரியா இல்லை" என்றார். "பங்கசு, பூஞ்சணம். நூல் நூலாத் தெரியுது. இலை, குச்சி பட்ட கண்ணில வாறது."

தங்கை சொன்னாள்: "அப்ப அது எங்கட பக்கம்."

வைத்தியருக்கு விளங்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"என்ர தாளில வலது பக்கம், டொக்டர். கரு இருக்கு. இழைமணி இருக்கு. பங்கசும் யூக்கரியோட்டாதானே. இவ்வளவு நாளும் விட்டது இடது பக்கத்துக்கான மருந்து."

வைத்தியர் முதல் தடவையாக அவளை நோயாளி அல்லாத ஒரு ஆளாகப் பார்த்தார். "ஓம். அதுதான் கரைச்சலும். பற்றீரியாவைக் கொல்லுறது லேசு. அதின்ர சுவர் வேற, இறைபோசோம் வேற. எங்கட கலத்தில இல்லாததைப் பிடிச்சு அடிக்கலாம், எங்களுக்குப் பெரிசா ஒண்டும் ஆகாது. பங்கசு அப்பிடியில்லை. எங்களை மாதிரியே அறை அறையாக் கட்டின கலம். அதுக்கு விழுற அடி எங்களுக்கும் விழும். வேறுபாடு கொஞ்சம்தான் இருக்கு."

"சுவர்" என்றாள் தங்கை. "அதுக்கு வெளியில சுவர் இருக்கு. எங்களுக்கு இல்லை. நண்டு ஓட்டில இருக்கிற சாமான்."

"சுவரும் இருக்கு. ஆனால் இந்த மருந்து அதுக்கு உள்ளுக்க இருக்கிற மென்சவ்வைப் பிடிக்கும். அந்தச் சவ்வில எங்கட சவ்வில இல்லாத ஒரு கொழுப்பு இருக்கு. அது ஒண்டை வச்சுத்தான் ஆளை அடையாளம் காணுது. மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். கிழமைக்கணக்கா விடவேணும்."

"பார்வை வருமா, டொக்டர்?" இதை நான் கேட்டேன். தங்கை கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"மற்றக் கண் எப்பிடி?"

"மற்றக் கண் இல்லாத மாதிரித்தான்."

"கீழ்ப்பக்கத்தில நிண்டால் நல்லது. நடுவுக்கு வந்தால் நான் ஒண்டும் சொல்லேலாது. முதல் நாளே தெரிஞ்சிருந்தால்..." என்று தொடங்கி, என் மடியிலிருந்த கொப்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கடைசி வசனம் எங்களோடு ஓட்டோவில் ஏறி வீடுவரைக்கும் வந்தது. காலி வீதியில் வாகன நெரிசல். சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிங்களத்தில், தங்கைக்குக் கண்ணில் என்ன என்று கேட்டார். ஓலை பட்டது என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவருக்குச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

படியேறி வந்து கதவைத் திறந்ததும் வாசற்கதவில் அந்தச் சிலுவை. காய்ந்து மஞ்சளாகியிருந்தது. தங்கை அதற்கு முன்னால் நின்றாள்.

"நீ எழுதினது ஆருக்கு, அக்கா?" என்றாள். குரல் உயரவில்லை. "உண்மையாக் கேக்கிறன். நாள் போட்டு, நேரம் போட்டு, இவ்வளவு வடிவா எழுதி வச்சாய். ரெண்டு கிழமையா அது அலுமாரிக்குள்ள இருந்தது. மற்றக் கொப்பி டொக்டரின்ர கையில இருந்தது. அலுமாரியில ரெண்டுக்கும் நடுவில ஒரு சாண் இல்லை."

"எனக்குத் தோணேல்லை."

"உனக்குத் தோணாது. உனக்கு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு அறை."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்தும் வழக்கமில்லை. நான் குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றினேன். அது ஆறும்வரைக்கும் அங்கேயே நின்றேன். மருந்துக்கு நேரமானதும் கதவைத் தட்டினேன். தட்டினால்தான் ஆகும், மணிக்கொரு தரம் துளி விட வேண்டும். அவள் கதவைத் திறந்து, ஒன்றும் கதைக்காமல் கட்டிலில் சாய்ந்து, கண்ணை என் பக்கம் காட்டினாள்.

அந்த மருந்து பாலைப்போல வெள்ளை. குலுக்கி விட வேண்டும். விட்ட பிறகு இமையோரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒட்டியிருக்கும். காலை ஆறு மணியிலிருந்து படுக்கப்போகும் வரைக்கும் மணிக்கொரு துளி. அடுத்த ஒரு மாதமும் எங்களுடைய நாட்கள் மணித்தியாலங்களாகப் பிரிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. திரைச்சீலை மூடிய மஞ்சள் வெளிச்சம், கீழே ரயில், தொலைவில் தேங்காய் விற்பவரின் குரல், ஒரு துளி. மீண்டும் ரயில், ஒரு துளி. சில நேரம் இது காலையா பின்னேரமா என்று கேட்பாள். நானும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். அந்த அறைக்குள் நேரம் எங்கும் போகாமல், தண்ணீரில் கிடக்கும் வெளிச்சம்போல அசைந்துகொண்டு மட்டும் இருந்தது.

கதவு சாத்தியதற்கு மூன்றாம் நாள் அவளாகவே கதைக்கத் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலில் கிடந்தபடி.

"அக்கா, அது இப்ப என்ன செய்துகொண்டிருக்கும் எண்டு நினைக்கிறாய்?"

"எது?"

"என்ர கண்ணுக்குள்ள இருக்கிறது. பாவம், அது தென்னோலையில சும்மா இருந்தது. வாளித் தண்ணியில நிண்டுது. தீர்த்தம் தெளிச்சாங்கள். பிறகு திடீரெண்டு ஒரு சூடான, ஈரமான இடம். அதுக்கு இது கண் எண்டு தெரியாது."

"உனக்கு அதில இரக்கமா?"

"இரக்கமில்லை. ஆனால் நூல் விட்டு நூல் விட்டுப் போகுது. ஒவ்வொரு அறையிலயும் ஒரு கரு. இழைமணி எரிஞ்சுகொண்டு இருக்கு. என்ர கண்ணிலயும் அதே இழைமணி எரியுது. ரெண்டு பேரின்ர வீட்டிலயும் அதே பழைய விருந்தாளிதான் சமைக்கிறார். பற்றீரியா எண்டால் எனக்குக் கோவம் வந்திருக்கும். இது சொந்தக்காரர் வந்து வீட்டைப் பிடிச்ச மாதிரி."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்ததில் கண் நொந்து, போதும், சிரிக்க வைக்காதே என்றாள்.

அச்சகத்து அண்ணன் தொலைபேசியில் இரண்டு தரம் கதைத்தார். நல்ல மனிதர். முதல் தரம் சுகம் விசாரித்தார். இரண்டாம் தரம், ரியூசன் மாஸ்டர் அவசரப்படுகிறார், வலது பக்கத்துப் படத்தை மட்டும் கணினியில் செய்து போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தொலைபேசியை அவளுடைய காதில் வைத்தேன்.

"போடுங்கோ அண்ணை" என்றாள். "பிள்ளையள் காத்திருக்கேலாதுதானே. இடது பக்கம் என்ர, வலது பக்கம் மெசின்ர. அதுவும் ஒரு வேறுபாடுதான், அட்டவணையில எழுதுங்கோ." தொலைபேசியை வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த துளிக்கு நான் தோளைத் தொட்டபோது தலையணை நனைந்திருந்தது. மருந்தாகவும் இருக்கலாம்.

இரண்டாம் கிழமை வெள்ளை அப்படியே நின்றது. மூன்றாம் கிழமை ஒரு நாள் அது நடுப்பக்கம் சரிந்ததுபோல எனக்குத் தெரிந்தது. அன்றே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லி, பின்னேரமே கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் பார்த்து, இல்லை, அது விளிம்பு மங்குவது, நல்ல அறிகுறி என்றார். பிழையான பயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "பிழையாப் பயந்தாலும் சொல்லுங்கோ, அன்ரி. சொல்லாமல் மட்டும் இருக்காதேங்கோ" என்றார். அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குக் குத்தியது.

ஐந்தாம் கிழமை துளி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றானது. ஏழாம் கிழமை நாளுக்கு நாலு. கண்ணின் சிவப்பு வடிந்தது. உயிர்ப்புக்கு ஏழு கிழமை கழித்து வரும் தூய ஆவி ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, கடைசிப் பரிசோதனை. எழுத்துப் பலகையின் முன்னால் அவளை இருத்தி, இடது கண்ணை மறைத்து வாசிக்கச் சொன்னார்கள். கடைசி மூன்று வரிகளில் தடுமாறினாள். ஊகித்துச் சொன்னாள், பிழையாகச் சொன்னாள்.

"கீழ்ப்பக்கத்தில ஒரு தழும்பு இருக்கும்" என்றார் வைத்தியர். "நடு தப்பிச்சுது. வாசிக்கலாம், நடக்கலாம். மிச்சம் இன்னும் கொஞ்சம் தெளியும். எவ்வளவு எண்டு ஆறு மாதம் போகத்தான் தெரியும்."

"வரையலாமா?"

"அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேணும்."

வீட்டுக்குப் போக முதல் கடலைப் பார்ப்போம் என்றாள். ஓட்டோவைக் கடற்கரை வீதியில் நிறுத்தி இறங்கினோம். தண்டவாளத்துக்கு அப்பால், கற்களுக்கு மேல் போய் நின்றோம். வெயில் தாழ்ந்து கடல் முழுவதும் வெள்ளித் தகடுபோல இருந்தது. ஏழு கிழமை மூடிய அறையில் இருந்தவளுக்கு அந்த வெளிச்சம் அதிகம். சிறிது நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்லிக்கொண்டு வாறன்" என்றாள். "பிழை எண்டால் பிழை எண்டு சொல்லு. மனசு நோகும் எண்டு பொய் சொல்லாதை."

"சரி."

"தூரத்தில கோடு தெரியுது. வானம் முடியிற கோடு."

"ஓம்."

"கோட்டுக்கு மேல ஒரு கப்பல் நிக்குது."

நான் பார்த்தேன். இரண்டு கப்பல்கள் நின்றன. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்பவை. ஒன்றின் பின்பக்கமும் மற்றதன் முன்பக்கமும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு, நடுவில் நூல்போல ஒரு வெளிச்சம். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. காற்று சேலைத் தலைப்பைப் பறித்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு" என்றேன்.

அவள் கையை எடுக்காமல், தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தாள். பிறகு வலப்பக்கம். தழும்புக்கு மேலால் பார்க்கும் வழியைத் தேடுகிறாள் என்று விளங்கியது. நான் காத்து நின்றேன். ஒரு ரயில் எங்களுக்குப் பின்னால் முழுதாகக் கடந்து போனது.

"தாடையைக் கீழ இறக்கினால் தெரியுது" என்றாள் மெதுவாக. "நடுவில வெள்ளையா ஒரு கோடு. சரியா?"

"சரி."

"அப்ப வரையிற தாளைக் கொஞ்சம் சரிச்சு வைக்கவேணும்" என்றாள். தாடையை இறக்கியபடியே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.